கழற்றப்படாத கார்டு

அந்த ரிப்போர்ட்டில் நான் எழுதியது இரண்டே வரிதான். "இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது மெமரி கார்டு கழற்றப்பட்டிருக்கிறது. பேனலின் சாவி ஆபரேட்டரிடம் இருக்கிறது." கீழே கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். மதியத்துக்குள் தக்கலையில் வீட்டுக்குப் போய், கணவரை ஆட்டோவில் ஏற்றி, நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் அவர் காலுக்குக் கட்டு மாற்றியாக வேண்டும்.

அந்த மாதங்களில் என் நாட்கள் எல்லாம் அப்படித்தான் போயின. கணவருக்குச் சர்க்கரை. வலது கால் பெருவிரலுக்கு அடியில் செருப்பு கடித்து வந்த சின்னப் புண், ஆறவே மாட்டேன் என்றது. ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டு. இடைப்பட்ட நேரத்தில் வேலை. தொழிற்சாலைகளில் இயந்திரங்களை ஓட்டுகிற கன்ட்ரோல் பேனல்களைப் பழுது பார்ப்பது என் தொழில். பாலிடெக்னிக்கில் படித்தேன், கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் சில வருடம் இருந்தேன், கல்யாணத்துக்குப் பிறகு ஊரிலேயே தனியாகச் செய்கிறேன். கடற்கரைப் பக்கம் ஐஸ் பிளான்ட்டுகள், தோவாளைப் பக்கம் அரிசி ஆலைகள், மேற்கே ரப்பர் தொழிற்சாலைகள். எங்கே எது நின்றாலும் போன் வரும். "மேடம், மிஷின் நின்னு போச்சு, ஒடனே வரணும்." எல்லோரும் சொல்வது அந்த ஒன்றைத்தான். யார் பேசுகிறார்கள் என்பதைக்கூடச் சில நாள் கேட்காமல் எந்த ஊர் என்று மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறேன்.

அந்த ரிப்போர்ட் எழுதிய இடம் மார்த்தாண்டத்திலிருந்து உள்ளே போகிற ரோட்டில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு கையுறைத் தொழிற்சாலை. நீளமான சங்கிலியில் வரிசையாகப் பீங்கான் கைகள் தொங்கிக்கொண்டு வரும். ரப்பர் பால் தொட்டியில் முங்கி எழும், ஓவனுக்குள் போய் வேகும், வெளியே வரும்போது பெண்கள் நின்று கையுறைகளை உரித்தெடுப்பார்கள். இந்த ஓட்டம் முழுவதையும் நடத்துவது பி.எல்.சி. என்று நாங்கள் சொல்லும் பேனலுக்குள் இருக்கும் டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி. எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், ஓவன் எவ்வளவு சூடாக வேண்டும் என்கிற கட்டளைகள் எல்லாம் அந்தப் பெட்டியின் முகப்பில் சொருகியிருக்கும் தபால்தலை அளவு மெமரி கார்டில் இருக்கின்றன. ஓடும்போது கார்டைப் பிடுங்கினால் பெட்டிக்குப் புத்தி போய்விடும். சங்கிலி அப்படியே நிற்கும். தொட்டிக்குள் முங்கியிருக்கும் கைகளில் பால் கட்டிகட்டியாக உறையும். ஓவனுக்குள் மாட்டிக்கொண்டவற்றில் கையுறைகள் கருகி ஒட்டிப்போகும். அத்தனையையும் அந்தப் பெண்கள்தான் சுரண்டி எடுக்க வேண்டும். அரை நாள் போய்விடும்.

இந்தச் சங்கிலி லைனை ஓட்டிய ஆபரேட்டர் ஒரு பெண். என் வயதுதான், ஐம்பதை நெருங்கியவர். கருங்கல் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வருவார். கையுறை உரிக்கிற வேலையில் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே பேனல் ஓட்டக் கற்றுக்கொண்டவர். முன்பு ஒருமுறை மேனேஜர் என்னிடம் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பழுதுக்காக நான் முதல் முறை போனபோது அவர் பேனலுக்குப் பக்கத்தில் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்படி நின்னுச்சு அக்கா?" என்று கேட்டேன்.

"சும்ம ஓடிக்கிட்டு இருந்ததுதான் மேடம், நின்னுச்சு. நான் ஒண்ணும் தொடல்ல. செவப்பு லைட்டு மின்னிச்சு. இது ரெண்டாவது தடவையாக்கும். மொதல் தடவை பவரை அணைச்சுப் போட்டதும் ஓடிச்சு."

"பேனலைத் திறந்தீங்களா?"

"நின்ன பெறகு தொறந்து பாத்தேன். சூடு ஏறியிருக்கான்னு பாக்கதுக்கு." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "மேடம், ஒரு காரியம் சொல்லட்டா? அந்தால பால் கலக்குத ரூமில அம்மோனியா ஊத்துத அன்னைக்குத்தான் இது நிக்குது. ரெண்டு தடவையும் அப்படித்தான். கண்ணு எரிஞ்சிட்டே இருந்துச்சு, பொறவு நின்னு போச்சு."

நான் குனிந்து லேப்டாப் கேபிளைச் சொருகிக்கொண்டிருந்தேன். "சரி, பாக்கலாம்" என்றேன். 

இப்படி எத்தனையோ கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் நிற்கும் மோட்டார், மேலதிகாரி வந்தால் மட்டும் சிணுங்கும் கம்ப்ரஸர். ஆட்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பெட்டி சொல்வதை நம்ப வேண்டும் என்பதுதான் கோயம்புத்தூரில் நான் பழகியது. பி.எல்.சி. தனக்கு நடந்ததையெல்லாம் நேரத்தோடு குறித்து வைத்துக்கொள்ளும். அதைத் திறந்து பார்த்தேன். காலை பத்து மணி சுமாருக்கு ஒரு குறிப்பு: மெமரி கார்டு கழற்றப்பட்டது. அடுத்த குறிப்பு: நிறுத்தம்.

கார்டை வெளியே எடுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. மறுபடி சொருகி, பவரை அணைத்துப் போட்டேன். லைன் ஓடியது.

என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்த மேனேஜர், "கழட்டினதுன்னா, யாராவது கையால கழட்டினாத்தானே மேடம்?" என்றார்.

"அப்படித்தான் காட்டுது சார்."

"சாவி அவங்ககிட்டதான் இருக்கு."

ஆபரேட்டர் தள்ளி நின்றார். காதில் விழுந்திருக்கும். என் போன் அதிர்ந்தது, வீட்டிலிருந்து கணவர். ஆஸ்பத்திரியில் டோக்கன் முடிந்துவிடும் என்று சொல்வதற்காகத்தான் இருக்கும். நான் அந்த இரண்டு வரியை எழுதினேன். வழியெல்லாம் ஆட்டோ கிடைக்குமா என்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை.

சில வாரம் கழித்து வேறு எதற்கோ பேசும்போது மேனேஜர் சொன்னார்: "அந்தம்மாவைப் பேக்கிங்குக்கு மாத்தினோம் மேடம். அவங்க வேலையே வேண்டாம்னு போயிட்டாங்க. அதுக்குப் பெறகு மிஷின் ஒரு தடவைகூட நிக்கல்ல பாத்துக்கிடுங்க."

"நல்லது சார்" என்றேன்.

மழை பிடித்திருந்த ஒரு நாள் மறுபடி போன் வந்தது. அதே லைன், அதே சிவப்பு விளக்கு. பாய்லரில் வேலை பார்த்த ஒருவரை இப்போது ஆபரேட்டராக்கியிருந்தார்கள். நான் குறிப்பைத் திறந்தேன். மெமரி கார்டு கழற்றப்பட்டது.

"இவரும் கழட்டிட்டாரா?" என்று மேனேஜர் சிரித்தார். 

"சாவி யார்கிட்ட சார் இருக்கு?"

"எனக்கிட்டதான். அந்தம்மா விஷயத்துக்குப் பெறகு நான் யாருக்கும் குடுக்கதில்ல. நீங்க வந்த பெறகுதான் தொறந்தேன்."

அவர் சிரிப்பது நின்றுவிட்டது. எனக்கு என் பழைய ரிப்போர்ட் ஞாபகம் வந்தது. ஆனாலும் கார்டு கெட்டிருக்கும் என்று நினைக்கவே விரும்பினேன். புதுக் கார்டில் புரோகிராமை ஏற்றிப் போட்டேன். நான்கு நாள் ஓடி நின்றது. பவர் சப்ளையை அளந்தேன், எர்த்தைச் சோதித்தேன், பெட்டிக்குள் இருக்கும் சின்ன பேட்டரியை மாற்றினேன். எல்லாம் சரியாக இருந்தன. எல்லாம் சரியாக இருப்பதைப்போல அலுப்பான விஷயம் இந்தத் தொழிலில் வேறில்லை. கடைசியில் பெட்டியையே மாற்றி வேறு பெட்டி போட்டேன். மூன்று வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. நிம்மதியாக இருந்த மூன்றாவது வாரக் கடைசியில் போன் வந்தது. 

அதே வாரம்தான் டாக்டர் விரலை எடுத்துவிடலாம் என்றார். கணவர் வீட்டுக்கு வரும்வரை ஆட்டோவில் காலைப் பார்த்துக்கொண்டே வந்தார். மறுநாள் காலை நான் ஸ்கூட்டரில் மார்த்தாண்டம் பாலத்தைத் தாண்டும்போது, ஏதாவது ஒரு பக்கம் ஓரமாக நிறுத்திவிட்டு அரைமணி நேரம் உட்காரலாமா என்று இருந்தது. உட்காரவில்லை.

நான் போவதற்குள் பவரை அணைத்துப் போட்டு லைனை ஓட விட்டிருந்தார்கள். அன்று நான் எதையும் தொடவில்லை. பேனல் கதவைத் திறந்துவைத்து, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். நிற்கிற நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பீங்கான் கைகள் போய்க்கொண்டே இருந்தன. எனக்குக் கண் சொக்கியது. பிறகு எரிந்தது. தூக்கம் இல்லாததால் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது எதிரே கையுறை உரித்துக்கொண்டிருந்த பெண்ணும் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தார். அவருக்குப் பக்கத்தில் நின்றவரும்.

"என்ன அக்கா வாடை?" 

"அம்மோனியாதான் மேடம். பால் கலக்குதாங்க. கொஞ்ச நேரத்துல போயிரும்."

அப்போதுதான் எனக்கு அந்த ஆபரேட்டர் சொன்னது வார்த்தை மாறாமல் ஞாபகம் வந்தது. எழுந்து பேனலுக்குப் பின்னால் போனேன். பேனலுக்குள் சூடு ஏறாமல் இருக்க ஒரு சின்ன ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஃபேன் சுவரைப் பார்த்து இருந்தது. சுவரில் ஒரு காற்று ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம், ரப்பர் பால் உறையாமலிருக்க அம்மோனியா கலக்கும் தொட்டி. மூக்கை வைத்துப் பார்த்தேன், மூச்சு முட்டியது. நான் திரும்பி வந்து உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். யார் கையும் படாமல், என் கண்ணெதிரே, சிவப்பு விளக்கு மின்னியது. சங்கிலி நின்றது.

கார்டை எடுத்துவிட்டு, அது சொருகும் இடத்தை போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். மயிரிழை போன்ற கம்பிகளில் நீலப்பச்சையாக ஒரு படலம். விளக்காமல் கிடந்த செம்புப் பாத்திரத்தில் பிடிக்குமே, அதே களிம்பு. கழற்றி ஷெல்ஃபில் வைத்திருந்த பழைய பெட்டியை எடுத்துப் பார்த்தேன். அதில் இன்னும் திட்டுத்திட்டாக இருந்தது. அம்மோனியா செம்பை அரிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். களிம்பின் மேல் புதிதாக ஆவி பட்டு ஈரம் பிடிக்கும்போது கார்டுக்கும் பெட்டிக்கும் உள்ள தொடர்பு ஒரு கண நேரம் விட்டுப்போகிறது. கார்டு கழன்றுவிட்டது என்று பெட்டி நினைக்கிறது. அதையே எழுதி வைக்கிறது. 

ஒவ்வொரு முறையும் நான் கார்டை எடுத்துச் சொருகும்போது கம்பியில் உரசிக் களிம்பு கொஞ்சம் போயிருக்கிறது. அதனால் கொஞ்ச நாள் ஓடியிருக்கிறது. அந்தப் பெண் வேலையை விட்டுப் போன பிறகு மிஷின் நிற்காமல் ஓடியதற்கும் அதுதான் காரணம். அவர் போனதால் இல்லை.

"இந்தத் தொட்டி எப்போ சார் இங்க வந்தது?" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"பேக்கிங்குக்கு இடம் போதாம மாத்தினோம். அது ஆச்சு..." அவர் விரலை மடக்கி யோசித்தார். "மொதல் தடவை மிஷின் நிக்கதுக்கு ஒரு ரெண்டு மாசம் முன்ன."

ஃபேனின் வாயை அடைத்து, கட்டிடத்துக்கு வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று வரும்படி செய்யச் சொன்னேன். பேனல் கதவின் ரப்பர் விளிம்பு பிய்ந்திருந்தது. அதையும் மாற்றச் சொன்னேன். இருந்த களிம்பை ஸ்பிரிட் தொட்டு நானே துடைத்தேன். கை வேலை செய்துகொண்டிருந்தது. மேனேஜர் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"அப்போ அந்தம்மா..." என்றார்.

"அவங்க ஒண்ணும் செய்யலை சார். என் ரிப்போர்ட் தப்பு."

அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "விடுங்க மேடம். அவங்களும் போயாச்சு, மிஷினும் சரியாச்சு. பழைய ரிப்போர்ட் மொதலாளி பாத்து ஃபைல்ல கெடக்கு. இப்போ போயி நீங்களே ஒங்க பேரைக் கெடுத்துக்கிடணுமா?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. எனக்கு நல்லது என்றுதான் சொன்னார். சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பவும் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அவ்வளவு களைப்பு. ஆனால் உட்கார்ந்து எழுதினேன். களிம்பு பிடித்த படங்களை ஒட்டி, நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லி, முன்பு நான் எழுதியது தவறு என்று எழுதி முடிக்க இரண்டு பக்கம் ஆனது. "பழசுக்குப் பக்கத்திலேயே இதையும் வைங்க சார்" என்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆபரேட்டரின் வீடு எங்கே என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கருங்கல் போனேன். சந்தையைத் தாண்டி, ஒரு சின்ன சர்ச்சுக்குப் பின்னால் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் அவர் வீடு. ஆராதனை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார் போல. வெள்ளைச் சேலை மாற்றாமல் இருந்தார். என்னைக் கண்டதும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தபோது அவர் விரல்களைப் பார்த்தேன். நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. 

"அண்டி ஆபீசுக்குப் போறேன்" என்றார். முந்திரி உடைக்கும் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கொட்டையின் எண்ணெய் பட்டால் கை இப்படித்தான் ஆகும்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். தொட்டி, ஃபேன், களிம்பு எல்லாவற்றையும்.  

"நான் சொன்னேன்லா மேடம்" என்றார்.

"சொன்னீங்க."

"அன்னைக்கு ஒங்களுக்கு அது காதுல விழுந்துச்சா, விழல்லியா?"

விழவில்லை என்று சொல்லியிருக்கலாம். கேபிளைச் சொருகிக்கொண்டுதானே இருந்தேன். 

"விழுந்துச்சு அக்கா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது போல.

"வேனில எனக்கப் பக்கத்துல ஒருத்தியும் இருக்கமாட்டாளுவ மேடம். சங்கிலி நின்னா சொரண்டுதது அவளுவதானே. நான் வேணும்னு செஞ்சேன்னு நெனச்சிட்டாளுவ. பேக்கிங்கில போயி அவளுவ மொகத்துல எப்படி முழிக்கது? அதாக்கும் போகல்ல." பிறகு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வீட்டுலயும் அப்படித்தான். மிக்ஸி நின்னா, எனக்க வீட்டுக்காரரு சிரிச்சிட்டே சொல்லுவாரு, நீ தொட்டியான்னு."

சாயாவைக் கீழே வைத்தேன். "எங்கிட்ட ஏதாவது செய்யச் சொன்னா செய்றேன் அக்கா" என்றேன். 

"எழுதித் தருவியளா? தமிழ்ல. வீட்டுல எல்லாவரும் வாசிக்கணும்."

பையிலிருந்து தாளை எடுத்து முட்டியில் வைத்து எழுதினேன். மிஷின் நின்றதற்கு ஆபரேட்டர் காரணம் இல்லை, அம்மோனியா ஆவியால் கார்டு சொருகும் இடத்தில் களிம்பு பிடித்ததே காரணம், நான் முன்பு எழுதியது தவறு. அவர் வாங்கி, எழுத்துக்கூட்டி மெதுவாக வாசித்தார். திருப்பி என்னிடமே நீட்டினார்.

"இது போராது மேடம். காரணத்தை மொதல்ல சொன்னது நானாக்கும். அதையும் எழுதுங்க."

எழுதினேன். மறுபடி வாசித்தார். மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். போய்ட்டு வாங்க என்று சொல்லவில்லை. ஒருவேளை சொல்லத் தோன்றாமல் இருந்திருக்கும்.

அந்த வரியைச் சேர்த்து இன்னொரு பிரதி எழுதி மேனேஜரிடமும் கொடுத்தேன். அவர் அதை முதலாளியிடம் காட்டினாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டார்கள். பேக்கிங் என்றால் வரமாட்டேன், பேனல் என்றால் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். பாய்லர் ஆளுக்கு அந்த வேலை பிடிக்காமல் அவராகவே விலகிக்கொள்ள, மூன்று மாதத்துக்குப் பிறகு இவர் போய்ச் சேர்ந்தார். சாவி இப்போது அவரிடம்தான் இருக்கிறது.

கணவருக்கு விரலை எடுத்தார்கள். புண் ஆறியது. அதற்கென்று செய்த செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார், சந்தைக்கும் போய்வருகிறார். கட்டு மாற்றப் போகிற ஓட்டம் எனக்கு இல்லை. ஆனாலும் அந்த மாதங்களில் உடம்பில் ஏறிய அலுப்பு இன்னும் முழுதாக இறங்கவில்லை. வயதும் ஆகிறது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த லைனைப் பார்த்துக் கொடுக்கப் போய்வருகிறேன். நான் முடித்துக் கிளம்பும்வரை அந்த ஆபரேட்டர் என் பக்கத்திலேயே நிற்பார். எதைத் தொட்டாலும் "இது எதுக்கு மேடம்?" என்று கேட்பார். சிரிக்க மாட்டார், வீட்டு விஷயம் விசாரிக்க மாட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். லேப்டாப்பில் வரும் குறிப்புகளையும் தமிழில் சொல்லச் சொல்வார். சில நாள் எனக்கு வாயைத் திறக்கவே தெம்பு இருக்காது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

போன முறை போனபோது, ஓவன் பக்கத்து மோட்டாரில் பத்து நாளாக ஒரு சத்தம் கேட்கிறது என்றார். மற்ற யாருக்கும் கேட்கவில்லை. காலையில் லைன் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தது, தொட்டியில் இன்னும் பால் விடவில்லை. நான் காதை வைத்துக் கேட்டேன். ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டாரில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்தும் கேட்டேன். எனக்கும் கேட்கவில்லை. சங்கிலியை நிறுத்தச் சொல்லி மூடியைத் திறந்தேன். பேரிங் சுத்தமாக இருந்தது, கிரீஸ் இருந்தது. ஒரு மணி நேரம் போனது.

"ஒண்ணும் தெரியலையே அக்கா" என்றேன்.

"இல்ல மேடம், கேக்குது. எப்பவும் கேக்காது. சூடு ஏறின பெறகு கேக்கும்."

மணியைப் பார்த்தேன். கடற்கரையில் ஒரு ஐஸ் பிளான்ட்டில் எனக்காகக் காத்திருந்தார்கள். வியாழக்கிழமை சூடு ஏறின பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மூடியை மாட்டினேன். அவர் "செரி" என்று மட்டும் சொல்லி, லைனை ஓட விட்டார்.